இடது கைக்கு வைத்த தட்டு

வந்தவர் நாற்பத்து மூன்று கடிதங்களை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருந்தார். அந்தக் கட்டை மேசைமேல் எறிந்த வேகத்தில் இரண்டு கடிதங்கள் உருவிக்கொண்டு தரையில் விழுந்தன. கொழுந்தன் பாய்ந்து எடுத்தான். கேஸ் என்று ஒன்று வந்துவிட்டால் அவனுக்குக் கால் தரையில் பாவாது.

அந்த முன்னறை அவன் அண்ணியின் விசாரணை அலுவலகம். அண்ணி முப்பது வருடம் உணவு ஆய்வாளராக இருந்தவர். ஊரில் உள்ள ஓட்டல் அடுப்படிகளையெல்லாம் குனிந்து பார்த்து, ஓய்வு பெற்றபின் மனிதர்களைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தவர். அவருடைய மறைந்த கணவரின் தம்பியான கொழுந்தனுக்கு நாற்பத்தைந்து வயது. இன்ஷூரன்ஸ் வேலையை அவன் விட்டானா, வேலை அவனை விட்டதா என்பதைக் குடும்பத்தில் யாரும் கிளறுவதில்லை. இப்போது அண்ணிக்கு உதவியாளன்.

"என் முகம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. பேரைச் சொன்னா தெரியும். நான்தான் 'நாக்கு'" என்றார் வந்தவர்.

கொழுந்தனுக்குப் புல்லரித்தது. இருபத்திரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் அந்தப் பெயரில் வரும் உணவு விமர்சனத்தை அவன் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. போட்டோ கிடையாது. எந்த ஓட்டலிலும் தான் யாரென்று சொல்ல மாட்டார், தனியாகச் சாப்பிடுவார், முன்கூட்டியே போனில் பொய்ப் பெயரில் மேசை சொல்லி வைப்பார். அவர் நல்லது என்றால் மறுவாரம் அந்த வாசலில் கூட்டம் நிற்கும். கொழுந்தன் ஓடிப்போய் காப்பி கலந்து மூன்று கோப்பையில் கொண்டுவந்து வைத்தான்.

"இந்த வருஷம் நல்ல ஜப்பானிய உணவகங்கள்னு ஒரு புத்தகம் எழுதியிருக்கேன். பன்னிரண்டு இடம். முதல் இடம் கொடுத்தது ஆற்றங்கரை ரோட்டுல இருக்கிற சுஷிக் கடைக்கு. பத்திரிகையில அந்தப் பட்டியல் வந்ததுல இருந்து இந்தக் கடிதாசிங்க வந்துட்டே இருக்கு. சோறு கல்லு மாதிரி இருக்காம், மீன் காய்ஞ்சு போயிருக்காம், ராமென் சூப்பு வெந்நீராம். நான் கை நீட்டினேன்னு ஒருத்தர் எழுதியிருக்கார்" என்றார் நாக்கு.

"நீட்டினீங்களா?" அண்ணி சாதாரணமாகக் கேட்டார்.

"ஒரு டம்ளர் தண்ணிகூட இனாமா குடிச்சதில்ல, மேடம். நான் போனப்போ அங்க சாப்பாடு அருமையா இருந்துச்சு. மூணு தடவை போயிருக்கேன். அப்புறம் சமையல்காரரை மாத்தியிருக்காங்க, அவ்வளவுதான். அதை நீங்க நிரூபிச்சுக் கொடுக்கணும். வெள்ளிக்கிழமை மதியம் ஆசிரியர் போன் பண்ணுவார். அதுக்குள்ள பதில் இல்லேன்னா புத்தகமும் கிடையாது, பத்தியும் கிடையாது. எனக்கு வேற எந்தத் தொழிலும் தெரியாது."

"உங்களை யாரோ காட்டிக் கொடுத்து, உங்களுக்கு மட்டும் நல்லதா சமைச்சிருந்தா?"

"அதுக்கு வாய்ப்பே இல்ல. நான் எங்க போறேன்னு யாருக்கும் தெரியாது."

அண்ணி அவருடைய குறிப்பேட்டை வாங்கி வைத்துக்கொண்டார். தன் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னலோரம் தள்ளி வைத்தார். நாக்கு தன் கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "நல்ல காப்பி" என்று கும்பிட்டு விடைபெற்றார்.

அவர் போன பிறகுதான் கொழுந்தனுக்குத் தன் கோப்பை நினைவு வந்தது. வாயில் வைத்தவன் அப்படியே குழாயடிக்கு ஓடினான். பால் திரிந்து போயிருந்தது.

"ஐயோ, மானம் போச்சு அண்ணி! அவ்வளவு பெரிய மனுஷனுக்கு இதையா கொடுத்தேன்? முகம் சுளிக்காம குடிச்சாரே, என்ன பெருந்தன்மை!"

அண்ணி குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, முதல் தடவை அந்தக் கடைக்குப் போனதைப் பத்தி எழுதியிருக்கார். சத்தமாப் படிங்க" என்றார்.

கொழுந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான்: "'நான் உட்காரும் முன்பே சாப்பிடும் குச்சிகள் எனக்காகக் காத்திருந்தன. பிடி இடப்பக்கம், நுனி வலப்பக்கம். பிறகு வந்த தட்டில் சுஷியைச் சாய்த்து வைத்திருந்த விதமும் என் இடது கைக்கே வாகாக இருந்தது. வாசலில் நுழைந்தவனின் கை எதுவென்று படித்துவிடும் கண்கள் இந்தக் கடைக்கு உண்டு. சோறு உள்ளங்கைச் சூட்டில் இருந்தது. பருக்கை ஒட்டியும் ஒட்டாமலும் வாயில் பிரிந்தது. சூரை மீனின் வெட்டு கண்ணாடிபோல் மின்னியது. ராமென் சூப்பில் சிறு எண்ணெய் வட்டங்கள், நூடுல்ஸ் பல்லுக்கு எதிர்த்து நின்றது.' ஆகா, படிக்கும்போதே எச்சில் ஊறுது அண்ணி."

"மூணு வருஷத்துக்கு முந்தின குறிப்பு ஒண்ணும் படிங்க. வேற கடை."

"'வினிகர் ஒரு சொட்டு தூக்கல். கடல்பாசியில் புகை மணம். சூப்பில் எலும்பின் இனிப்பு, அடியில் லேசான கசப்பு.' இதுவும் ஜோர்தான்."

"ஜோர்தான். கிளம்புங்க, சாப்பிடப் போகலாம்" என்றார் அண்ணி.

கடை மதிய நேரத்தில் பாதிதான் நிரம்பியிருந்தது. வெளிர் மரப் பலகைக்கு அந்தப் பக்கம் சமையல்காரர் நின்றிருந்தார். தடித்த புருவம், மோவாயில் வெட்டுத் தழும்பு. சுவரில் மூன்று வருடத்துக்கு முன் கடை திறந்த நாள் போட்டோவில் அதே புருவம், அதே தழும்பு. நாக்கு சொன்ன காரணம் அங்கேயே செத்தது. ஆள் மாறவில்லை.

இருவருக்கும் குச்சிகள் பிடி வலப்பக்கமாக வைக்கப்பட்டன. சுஷி வந்தது. கொழுந்தன் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, விழுங்கவா துப்பவா என்று தவித்தான்.

"சோறு ஜில்லுனு விறைச்சிருக்கு பாத்தீங்களா? நேத்து வடிச்சதை ஃபிரிட்ஜ்ல வெச்சு எடுத்திருக்காங்க. சுஷியில மீனை எல்லாரும் பாப்பாங்க, சோத்தைத்தான் பாக்கணும். மீனோட ஓரம் சுருங்கி இருக்கு, வெட்டி வெச்சு ரொம்ப நேரமாச்சு" என்றார் அண்ணி மெதுவாக. ராமென் கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். "எலும்பு கொதிச்ச வாசனையே இல்ல. தூளைக் கரைச்சிருக்காங்க. நூடுல்ஸ் ஊறிப்போய்க் கிடக்கு. கடிதாசி எழுதினவங்க யாரும் பொய் சொல்லல."

பிறகு அவர் செய்ததுதான் கொழுந்தனுக்கு விளங்கவில்லை. குச்சியை இடது கைக்கு மாற்றினார். தண்ணீர், துடைக்கும் துணி எல்லாவற்றையும் இடது கையாலேயே எடுத்தார். சமையல்காரரின் கண்ணுக்கு எதிரிலேயே அரைமணி நேரம் அப்படிச் சாப்பிட்டார், தட்டுத் தடுமாறி. இரண்டாவது தட்டு வந்தது. மூன்றாவதும் வந்தது. சுஷியின் சாய்வு வலது கைக்குத்தான் இருந்தது.

எழும்போது சமையல்காரரிடம் கேட்டார்: "நாக்கு எழுதியிருந்தாரே, வரவங்க கை எதுன்னு நீங்க பாத்து வைப்பீங்கன்னு?"

"அது எங்க கடைப் பழக்கம்மா. ஆளைப் பாத்ததும் கண்டுபிடிச்சிடுவோம்" என்றார் அவர் பெருமையாக. அண்ணி தன் இடது கையையே அசைத்து விடைபெற்று வெளியே வந்தார்.

தெருவில் கொழுந்தன் துள்ளினான். "போட்டோக்காரன் அண்ணி! பத்திரிகைக்குப் படம் எடுக்கிறவன். அவன்தான் துப்புக் கொடுத்திருக்கான்."

"விமர்சனம் அச்சுக்குப் போன பிறகுதான் போட்டோக்காரரை அனுப்புவாங்க. குச்சி திரும்பியிருந்தது முதல் தடவை போனப்போ. அதுவும் அவர் உட்காரும் முன்னாடி."

"அப்ப ஆசிரியர்?"

"எழுத்து கைக்கு வந்த பிறகுதான் அவருக்கே கடை தெரியும். யோசிங்க தம்பி. பொய்ப் பெயர்ல மேசை சொல்றார்னு ஊருக்கே தெரியும். அந்தப் போனை யார் பண்றது?"

கொழுந்தன் நின்றுவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு நாக்கின் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நால்வர் உட்கார்ந்திருந்தார்கள். அலமாரி முழுக்க அவருடைய பத்திகளை ஒட்டி வைத்த தடித்த நோட்டுகள். ஒட்டி வைத்தது அவர் மனைவி. ஒல்லியான, கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்த பெண்மணி. எல்லோருக்கும் தண்ணீர் வைத்துவிட்டு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சமையல்காரர் மாறல. மூணு வருஷமா அதே ஆள்தான். அந்தக் கடை வரவங்களோட கையைப் பாக்கிறதும் இல்ல. நான் மூணு தட்டு இடது கையால சாப்பிட்டுப் பாத்தேன். உங்க குச்சி மட்டும் திரும்பியிருந்துச்சுன்னா, நீங்க வரீங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. இடது கைக்காரர்னும் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குப் புதுச் சோறு, மத்தவங்களுக்குப் பழசு" என்றார் அண்ணி.

"அதை அவங்க திறமைன்னு நினைச்சேன்" என்றார் நாக்கு.

"இந்த ஊர்ல உங்களைவிட விவரம் தெரிஞ்சவர் யாரும் இல்ல. ஆனா நம்மளப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நினைக்கிறப்போ யாருக்கும் சந்தேகம் வராது."

"யார் சொன்னது? போட்டோக்காரனா?"

அண்ணி அவர் மனைவியைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, அதுதான் கொழுந்தனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான்தான் சொன்னேன்" என்றார் அந்த அம்மாள். "இவருக்காகப் போன்ல மேசை சொல்றது நான்தான், அப்பவே சொல்லிடுவேன். நாக்கு வரார், தனியா வருவார், கண்ணாடி போட்டிருப்பார், இடது கைக்காரர், நல்லதா செஞ்சு போடுங்கன்னு. இவர் போன எல்லாக் கடைக்கும் சொன்னேன். ரெண்டு வருஷமா அப்படித்தான்."

"ஏன்டி?" நாக்கு எழுந்தே விட்டார். "ஏன்?"

அண்ணிதான் பதில் சொன்னார். "உங்க குறிப்பேட்டுல ரெண்டு வருஷமா நிறம் இருக்கு, சூடு இருக்கு, பல்லுக்கு எப்படி இருந்துச்சுன்னு இருக்கு. புளிப்புன்னு ஒரு வார்த்தை இல்ல, மணம்னு ஒரு வார்த்தை இல்ல. எங்க வீட்டுல திரிஞ்ச பால்ல போட்ட காப்பியைக் குடிச்சிட்டு நல்ல காப்பின்னு சொன்னீங்க."

கொழுந்தனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. பெருந்தன்மை என்று அவன் நினைத்தது அதுவா?

"ரெண்டு வருஷம் முன்னாடி இவருக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு, அதுக்கு அப்புறம்தான் இப்படி" என்றார் மனைவி, புருஷனைப் பார்க்காமல். "ஒரு நாள் எதுலயும் உப்பே போடாம சமைச்சுட்டேன். பிரமாதம்னு சொல்லி ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார். அப்பவே தெரிஞ்சுபோச்சு. இவரா சொல்லுவார்னு காத்திருந்தேன். சொல்லல. மோசமான கடையை நல்லதுன்னு எழுதி மாட்டிக்கப் போறாரேன்னு பயந்தேன். எல்லாரும் நல்லதாவே போட்டா, இவர் எழுதறது தப்பாகாதுன்னு நினைச்சேன்."

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டார் அண்ணி.

அந்த அம்மாள் இல்லையென்று தலையசைத்தார். "ஒருத்தர் மட்டும் ஒத்துக்கல. மார்க்கெட்டுக்குப் பின்னாடி சின்ன ராமென் கடை, ஆறு நாற்காலி. ராஜாவே வந்தாலும் இங்க ஒரே அண்டா சூப்புதான்னு சொல்லிட்டுப் போனை வெச்சுட்டார். இவர் போயிட்டு வந்து, கண்ணுக்கு ஒண்ணுமே இல்லாத கலங்கின சூப்புன்னு எழுதினார். நாலு மாசத்துல கடையை மூடிட்டாங்க. இவர் எழுதினது அச்சுல வந்த மறுநாளே நான் அங்க போய்ச் சாப்பிட்டேன், மேடம். அந்த மாதிரி ஒரு சூப்பை நான் சாப்பிட்டதே இல்ல. அப்பவும் வாயைத் திறக்கல."

கொழுந்தன் இருபத்திரண்டு வருடம் வாரம் தவறாமல் படித்த மனிதரைப் பார்த்தான். பரிதாபமும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. எது முந்தி என்று அவனுக்கே தெரியவில்லை.

நாக்கு உட்கார்ந்தார். பிறகு, விலை பேசுகிறவரைப்போல் குரலைத் தாழ்த்தினார். "மேடம், இது நம்ம நாலு பேரோட போகட்டும். போட்டோக்காரன்தான் துப்புக் கொடுத்தான்னு எழுதிக் கொடுத்திடுங்க. அவன் சின்ன ஆள், வேற வேலை தேடிக்குவான்."

"அந்த ராமென் கடைக்காரரும் சின்ன ஆள்தான். நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்" என்றார் அண்ணி.

சரியாகப் பன்னிரண்டுக்குப் போன் அடித்தது. நாக்கு எடுத்தார். ஒரு நொடியில் முதுகு நிமிர்ந்து, பழைய கம்பீரம் வந்துவிட்டது. "சொல்லுங்க ஆசிரியரே. கண்டுபிடிச்சாச்சு. நான் நினைச்சது சரிதான். உள்ளயே ஒரு ஆள். நம்ம போட்டோக்காரன்..."

மனைவி எழுந்து வந்து, குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல் போனை வாங்கினார். "ஐயா, நான் அவர் வீட்டம்மா பேசறேன். போட்டோக்காரர் பேர்ல தப்பில்ல. இவருக்கு ரெண்டு வருஷமா ருசியும் தெரியல, வாசனையும் தெரியல. கடைங்களுக்கு முன்கூட்டியே சொன்னது நான்தான். புத்தகத்தை நிறுத்திடுங்க." அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "சரிங்க" என்று இரண்டு தடவை சொன்னார். வைத்துவிட்டார்.

இத்தனை வருடம் தனக்கு மேசை சொல்லி, தன் எழுத்தை வெட்டி ஒட்டி, தன் பொய்யையும் சேர்த்துச் சுமந்த மனைவியை நாக்கு முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"என் சோத்துல மண்ணப் போட்டுட்டியேடி" என்றார்.

மனைவி காலியான தண்ணீர் டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். "போட்டிருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனார்.