பேசும் பெட்டிக்கு ஓர் அடாப்டர்

காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்ட செல்வின், மனைவியிடம் திட்டு வாங்கத் தயாராக நின்றார். ரெஜினா ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. திரையில் இரண்டு எழுத்துத் தட்டுவதற்குள், கழுத்தில் தொங்கிய நற்சொல்லி என்ற புதுப் பேசும் கருவி முந்திக்கொண்டது.

"அருமையான காப்பி. மிக்க நன்றி."

தொண்டை அறுவைக்குப் பிறகு ஒரு பழைய பேசும் பெட்டிதான் ரெஜினாவின் குரல். தட்டியதை மட்டும் பேசும், கூட்டாது, குறைக்காது. போன மாதம் அதன் அடாப்டர் கருகிப்போனது. காற்றுவழியே மின்சாரம் வரத் தொடங்கியதும் வீட்டுச் சுவர்களில் பிளக் பாயிண்டுகளை அடைத்துப் பூசிவிட்டார்கள். காற்றுமின்னை வாங்கிப் பழைய கருவிகளுக்குக் கொடுக்கும் அடாப்டர்கள் ஆரம்பத்தில் கொஞ்ச நாள் வந்தன, பிறகு நின்றுபோயின. தூத்துக்குடியில் செல்வின் ஏறி இறங்காத கடை இல்லை.

"புதுசு நல்லாப் பேசுமே, அண்ணாச்சி!" என்றார்கள் கடைக்காரர்கள்.

நல்லாப் பேசித்தான் உயிரை வாங்கியது. டாக்டரிடம் 'வலி' என்று தட்டினாள். "வலி குறைந்து வருகிறது, நன்றி" என்றது. நல்லவேளை, செல்வின் கூட இருந்தார். எழுதிக் காட்டலாம்தான். எழுதி முடிப்பதற்குள் சண்டை ஆறிவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக ரெஜினா தட்டுவதையே விட்டுக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபோது, பாடகர் குழுவின் பழைய கீபோர்டுக்குப் பின்னால், ரெஜினாவின் பெட்டிக்குப் பொருந்தும் அதே உருண்டை ஊசி வைத்த காற்றுமின் அடாப்டரைப் பார்த்துவிட்டார். கீபோர்டு வாசிக்கும் பெர்க்மான்ஸிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அவன் வோல்ட்டைப் பார்த்தான், சரியாக இருந்தது. உடனே கழற்றிக் கையில் வைத்தான்.

"கொண்டு போங்க, அண்ணாச்சி."

"அப்ப கிறிஸ்மஸ் பாட்டு?"

"எங்களுக்கு வாய் இருக்குல்லா? பாடிக்கிடுதோம்."

செல்வினுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

வீட்டில் பெட்டி உயிர்பெற்றது. அடாப்டர் வந்த கதையைக் கேட்டுக்கொண்டே ரெஜினா படபடவென்று தட்டினாள். தகரக்குரல் கூடத்தை நிறைத்தது.

"கிறிஸ்மஸ் வர்ற நேரத்துல அந்தப் புள்ளைங்ககிட்ட இருந்தா பிடுங்கிட்டு வந்தீங்க? அறிவு இருக்கா உங்களுக்கு?"

செல்வின் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னும் திட்ட மாட்டாளா என்று இருந்தது.

"நான்தான் அவன்கிட்ட நன்றி சொல்லிட்டேனே, ரெஜி."

அவள் விரல்கள் நிதானமாகத் தட்டின.

"நீங்க சொன்னது உங்களோடது. சட்டையைப் போடுங்க, அவனைப் பார்க்கப் போவோம். என்னோடத நானே சொல்லணும்."