பாலைவனத்து நடுவில் ஓர் ஏரி

காலை 6.10. அந்த வீட்டில் ஒரு நாடே களவு போயிருந்தது.

சோடாபுட்டிக் கண்ணாடியோடே தூங்கிப்போன மூத்த மகள் கண்ணைத் திறந்தாள். கட்டிலுக்கு நேர் மேலே, கூரையில் ஒட்டியிருந்த நாட்டு வரைபடத்தைக் காணோம். மலை, ஆறு, சுரங்கம் என்று அவளே குறித்து வண்ணம் தீட்டியது. நெட்டைக்கால் அப்பாவைக் கட்டில் மேல் ஏற்றி ஒட்டவைத்தது. கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடி. ஜன்னலும் சாத்தியபடி. பத்து மணிக்குப் புவியியல் இறுதித் தேர்வு. போன வருடம் இந்தப் பாடத்தில்தான் கோட்டை விட்டாள். இன்றும் விட்டால் தங்கையோடு ஒரே பெஞ்சு.

"போச்சு! என் உசிரே போச்சு!"

அந்தச் சத்தத்தில் தெருநாய்கள் இரண்டு ஊரைக் காலிசெய்துவிட்டு எங்கோ குடியேறிவிட்டன.

6.40. அத்தை வந்தாள். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவள்; முறைத்தால் பூட்டு தானே திறந்துகொள்ளும். அண்ணாந்து பார்த்தாள். படம் இருந்த இடத்தில் பழுப்பாக ஓர் ஈரக்கறை. அதன் குறுக்கே சிலந்தி வலை; அதில் ஓர் ஈ, காய்ந்து சருகாகி.

"கடைசியா எப்ப பாத்த?"

"நேத்து ராத்திரி, அத்தை. படுத்துக்கிட்டு அதைப் பாத்துத்தான் ஒப்பிச்சேன்."

"யாராவது கேட்டாங்களா?"

"நான் கேட்டேன் அண்ணி," என்றாள் அம்மா. "பக்கத்து ரூம்லேர்ந்து புத்தகத்தை வச்சு சரிபாத்தேன். அத்தனையும் சரி. மூணு நாளா பாலைவனத்து நடுவுல மட்டும் ஒரு ஏரி சொல்றா. புத்தகத்துலதான் விட்டுட்டாங்கன்னு நெனச்சேன்."

அப்பா இருமினார்.

"கண்ணாடியோடயா தூங்குவ?"

"கழட்டி வச்சிட்டுத்தான் படுத்து ஒப்பிப்பேன். நேத்து ஒப்பிச்சு முடிச்சு, நோட்டைப் புரட்ட மாட்டினேன்; அப்படியே அசந்துட்டேன். இப்ப அதுவா அத்தை முக்கியம்? நான் செத்தேன்!"

அத்தை தம்பியின் பக்கம் திரும்பினாள். "இந்த வீட்ல சீலிங் எட்டுற ஆள் நீ ஒருத்தன்தான். எங்கடா படம்?"

அப்பா சுவரைப் பார்த்தார். "தண்ணி ஒழுகிச்சுக்கா. பிரிச்சா, கூழா கையோட வந்துடுச்சு. வேற வாங்கலாம்னு பாத்தேன். அன்னிக்கு ராத்திரியும் இவ பாட்டுக்கு மேல பாத்து ஒப்பிச்சா. இவளே கண்டுக்கல, நாம ஏன் வாயைக் குடுப்பானேன்னு..."

"பாவி மனுஷா!" என்றாள் அம்மா.

"பூட்டின ரூமுக்குள்ள யாரும் வரல," என்றாள் அத்தை. "சிலந்தி ஒரே ராத்திரியில வலை பின்னி, ஈயைப் புடிச்சு, வத்தலும் போடாது. படம் போய் மூணு நாளாச்சு. கண்ணாடி இல்லாத உனக்கு மேல தெரிஞ்சது அந்தக் கறை ஒண்ணுதான். அதைத்தான் ஏரின்னு சொல்லியிருக்க. அப்ப மத்த மலையும் ஆறும் எங்கேர்ந்துடி வந்துச்சு?"

மகளின் அழுகை பாதியில் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. வடக்கிலிருந்து தெற்குவரை போய்த் திரும்பியது.

"எல்லாம்... இருக்கு அத்தை."

"கெளம்பு. அந்த ஏரியை மட்டும் வீட்லயே விட்டுட்டுப் போ. நீ வர்றதுக்குள்ள உங்கப்பன் அதைத் தூர்த்துடுவான்."