ஒரு சாண் தடம்

"மணல்ல காலடியைப் பார்த்து, வந்தவ திரும்பிப் போயிட்டாளா இல்லையான்னு சொல்லத் தெரியுமா உனக்கு?"

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கிளப் சமையல்கட்டில் வெங்காயம் உரித்தபடி ஷேக் பரீத் பாய் கேட்டது இது. அறிவுமதி தலையைக் குனிந்துகொண்டாள். பள்ளிக்கூடத்திலும் யாராவது கேள்வி கேட்டால் இப்படித்தான் குனிவாள். பத்தாவதோடு படிப்பு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

திருக்காட்டுப்பள்ளிச் சாலையில், நெல்வயல்களுக்கு நடுவே, வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய கோல்ஃப் கிளப் அது. இப்போது ரைஸ்மில் முதலாளிகளும் டாக்டர்களும் ஆடுகிறார்கள். பந்து விழும் குழியைச் சுற்றி மட்டும் புல் கிடையாது. ஆற்றுமணலில் எண்ணெய் கலந்து வட்டமாகப் பரப்பியிருக்கும். பிரவுன் என்பார்கள். ஆடியவர்கள் மிதித்துவிட்டுப் போனதும் ஒரு சாக்கை இழுத்துக் காலடிகளை அழிக்க வேண்டும்.

முப்பது வருஷம் அந்தச் சாக்கை இழுத்தவர் அவள் அப்பா வைத்தியலிங்கம். ஆவணியில் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. வீட்டிலிருந்து ஒருவர் வேலைக்கு வந்தால்தான் கிளப் குடியிருப்பில் இருக்கலாம் என்றார் செயலாளர் தமிழரசன். அப்பாவைத் தவிர அவளுக்கு யாருமில்லை. சாக்கை எடுத்தாள்.

"எல்லாத்தையும் அழி," என்றார் பாய். "ஒன்பதாவதுல மட்டும் வாய்க்கால் மதகுப் பக்கமா ஒரு சாண் அழிக்காம விட்டுடு. உங்கப்பா அப்படித்தான் விடுவாரு."

"ஏன் பாய்?"

"அடேங்கப்பா, வாயி இருக்கா உனக்கு?" என்று சிரித்தவர், சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்.

முன்னே ஒரு ஐப்பசியில் வாய்க்கால் கரை தளும்பியது. மறுநாள் கோப்பைப் போட்டி. பிரவுன் கரைந்துவிடும், போய் மதகை அடை என்று துரை அனுப்பியது, சாக்கு இழுக்கும் காத்தாயியை. ஒன்பதாவது பிரவுனைத் தாண்டிப் போனாள். மதகை அடைத்தாள். தண்ணீர் அவளைக் கொண்டுபோயிற்று. விடிந்ததும், மணலில் கிடந்த அவளுடைய காலடிகளையும் அழித்துவிட்டு ஆடினார்கள்.

"போன தடம் இல்லாதவ எந்த வழியா திரும்புவா? வெள்ளம் வந்தா அவ வருவா, தண்ணிக்கே திரும்பிப் போக வழி வேணுமில்ல? அதான் ஒரு சாண்."

கார்த்திகை பிறந்தது. கேப்டன் கோப்பை நாள். மதியத்திலிருந்தே தூறல். தமிழரசன் குடையோடு ஒன்பதாவது பிரவுனுக்கு வந்தார்.

"என்னம்மா இது, பாதி மழிச்ச தாடி மாதிரி?"

"சார், அப்பா வந்து..."

"அப்பா கதையெல்லாம் அப்புறம். திருச்சியிலேருந்து ஆளுங்க வந்திருக்காங்க. முழுசா இழு."

தலை தானாகக் குனிந்தது. அவள் இழுத்தாள்.

கடைசி ஒரு சாணில் சாக்கு கனத்தது. யாரோ அதன்மேல் உட்கார்ந்துகொண்டதுபோல. பல்லைக் கடித்து இழுத்து முடித்தாள். மணல் கண்ணாடியாகக் கிடந்தது. தமிழரசன் திருப்தியாகத் தலையசைத்துவிட்டு நடந்தார்.

புதுவெள்ளத்தின் சேற்று வாசனை எழுந்தது.

குழியில் நட்ட கொடிக்கம்பத்தின் அருகே ஒரு காலடி விழுந்தது. சின்னது. செருப்பில்லாதது.

பிறகு இன்னொன்று. மதகை நோக்கி நடந்து, மணலின் விளிம்பில் நின்றது.

தேடியது.

காலடியின் விரல்கள் அறிவுமதியின் பக்கம் திரும்பின.

சாக்கைப் போட்டுவிட்டு ஓடினாள். குடியிருப்பு கூப்பிடு தூரம்தான். மணி நான்குகூட ஆகவில்லை. வீட்டுக்குள் அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், அவள் தலைக்குச் சற்று மேலே பார்த்தார்.

சொட்டு.

சிமெண்ட் தரையில், அவள் குதிகாலை ஒட்டி, தண்ணீர்.

சொட்டு.

"அப்பா," என்றாள் கிசுகிசுப்பாக. "நான் அழிச்சிட்டேம்ப்பா."

அவர் கண்களை மூடித் திறந்தார். இடது கையைச் சுவரில் ஊன்றி எழுந்தார். மூன்று மாதமாக எழாதவர். அவளைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தாள். அவர் அவளைத் தாண்டி, பின்னால் நின்றதைப் பார்த்து, வா என்பதுபோல இடது கையை அசைத்தார்.

வாசலில் இறங்கினார். செத்த வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். மழையில் நனைந்த மண்ணில் அந்தக் கால் கோடு போட்டுக்கொண்டே போனது. ஒரு சாண் அகலம். கோடு பிரவுனைக் குறுக்கே கிழித்து, தளும்பிக்கொண்டிருந்த வாய்க்காலை நோக்கி நீண்டது.

தடம் போடுகிறார். காத்தாயியைக் கூட்டிக்கொண்டு போகத் தடம் போடுகிறார்.

வாசல்படியிலிருந்து அறிவுமதி அவர் பின்னால் ஓடப் பார்த்தாள். பின்னலில் ஈரமான கனம் தொங்கியது. கால் நகரவில்லை. கத்தப் பார்த்தாள். வகுப்பில் எழுந்து நிற்கும்போது வராத அதே குரல், இப்போதும் வரவில்லை. தூரத்தில் யாரோ பந்தைக் குழியில் போட்டிருக்க வேண்டும், கைதட்டல் கேட்டது.

அப்பாவின் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் சின்னக் காலடிகள் விழ வேண்டும். இப்போது விழும். இதோ.

விழவில்லை.

சொட்டு, என்றது அவள் முதுகுக்குப் பின்னால்.

அது போகவில்லை என்று அப்பாவுக்குத் தெரியாது. மதகின் படியில் கால் வைத்தார். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்காமல், ஒரு சத்தமும் இல்லாமல், தண்ணீருக்குள் இறங்கிப் போனார்.