உத்திரத்தில் பட்ட பந்து

இறுதிப் போட்டியன்று காலையிலேயே ஜமுனாமரத்தூரில் மழை பிடித்துக்கொண்டது. கோடை மழைதான். ஆனாலும் விடுகிற மாதிரி தெரியவில்லை. பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் போட்ட கோடுகளெல்லாம் கரைந்து, பால் கொட்டியது போல ஓடிக்கொண்டிருந்தன.

"போச்சு! மலேசியாக்காரங்க அப்படியே ஊருக்குப் போய்டுவாங்களா டீச்சர்?" என்று கேட்டாள் பூங்கோதை.

"அதெல்லாம் போவமாட்டாங்க. சமுதாயக் கூடத்துல வெச்சிக்கலாம்னு சொல்லிட்டாங்க" என்றார் ராஜேஸ்வரி டீச்சர்.

பூங்கோதை ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஜவ்வாது மலை அணிக்கு அவள்தான் கேப்டன். கோடை விழாவை ஒட்டி நடந்த சர்வதேசச் சிறுவர் இறகுப்பந்துப் போட்டி அது. மலேசியா, இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்து பிள்ளைகள் மலையேறி வந்திருந்தார்கள். போட்டி நடக்கிற ஊர் என்பதால் இந்தியாவுக்காக ஆடும் வாய்ப்பு மலைப் பிள்ளைகளுக்கே கிடைத்தது.

பையன்களும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து ஒரே அணியாக ஆட வேண்டும். ஒரு பையன், ஒரு பெண், இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள், கடைசியாகப் பையனும் பெண்ணும் ஜோடியாக என்று மொத்தம் ஐந்து ஆட்டங்கள். மூன்றில் ஜெயிக்கிற அணிக்குக் கோப்பை.

பூங்கோதையின் அணியில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். பேசுவதே தெரியாமல் பேசும் மாதம்மாள். வகுப்பிலேயே உயரமான பையனான சின்னக்குழந்தை. அந்தப் பெயரைச் சொல்லி நடுவர் கூப்பிட்டபோது நேபாளப் பிள்ளைகளுக்கு அர்த்தம் சொல்லப்பட்டு, அவர்கள் சிரித்து முடிக்கவே நேரமானது. பிறகு ஹுசைஃபா. அவன் அப்பா வாணியம்பாடியிலிருந்து வந்து கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருந்தார். ஹுசைஃபா பந்தை அடித்தால் சுவரில் ஆணி அறைவது போலச் சத்தம் கேட்கும்.

சமுதாயக் கூடம் என்றதும் அவன்தான் முதலில் துள்ளினான். "டேய், நம்ம கூடம்டா! கோப்பை நமக்குத்தான்!"

அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. கூடத்தின் கூரை தாழ்வானது. நடுவில் ஓர் இரும்பு உத்திரம் குறுக்கே போகும். பந்து கூரையிலோ உத்திரத்திலோ பட்டால் அடித்தவருக்குப் பாயிண்ட் போய்விடும். மலைப் பிள்ளைகள் தினமும் மாலையில் அங்கேதான் ஆடுவார்கள். அவர்கள் அடிக்கிற பந்து வலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் விர்ரென்று போகும். மேலே போகவே போகாது.

மலேசியப் பிள்ளைகளோ பெரிய பெரிய அரங்குகளில் ஆடிப் பழகியவர்கள். பந்தை வானத்துக்கு அனுப்பி, அது இறங்குவதற்குள் நிதானமாக நகர்ந்து நிற்பார்கள். அதுதான் அவர்கள் பலம்.

ஆட்டம் தொடங்கியது. கூடத்துக்குள் ஊரே திரண்டிருந்தது. ஈரக் குடைகள் ஜன்னல் கம்பிகளில் தொங்கின.

முதல் ஆட்டத்தில் சின்னக்குழந்தை வென்றான். இரண்டாவது ஆட்டத்தில் மாதம்மாளுக்கு எதிரே மலேசிய அணியின் கேப்டன் கஸ்தூரி ஆடினாள். அவளும் தமிழ்ப் பெண்தான். வந்த நாளிலிருந்து பூங்கோதையோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

கஸ்தூரி அழகாக ஓடினாள். அழகாக அடித்தாள். பந்து அழகாக மேலே போய் 'டங்' என்று உத்திரத்தில் மோதிக் கீழே விழுந்தது.

"ஹே!" என்று கூட்டம் கைதட்டியது.

மறுபடியும் 'டங்'. மறுபடியும் கைதட்டல்.

"உத்திரம்தான் நம்ம டீமுக்கு அஞ்சாவது ஆளு" என்று ஹுசைஃபா சிரித்தான். பூங்கோதைக்கும் சிரிப்பு வந்தது.

ஆனால் நாலைந்து முறை அப்படி நடந்த பிறகு சிரிப்பு வரவில்லை. கஸ்தூரி உத்திரத்தைப் பார்க்கவில்லை. தன் மட்டையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தப்பு அதில்தான் இருக்கிறது என்பது போல. ஆட்டம் முடிந்ததும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டுக்குப் பூஜ்யம். இன்னும் ஒரே ஓர் ஆட்டம் ஜெயித்தால் கோப்பை!

இடைவேளையில் பூங்கோதை தன் அணியைக் கூப்பிட்டாள். "எனக்கு ஒரு மாதிரியா இருக்குது. அவங்க தப்பா அடிக்கல. கூரைதான் குள்ளமா இருக்குது. உத்திரத்துல பட்டா அந்தப் பாயிண்ட்டை மறுபடி ஆடலாம்னு நடுவர்கிட்ட கேக்கப் போறேன்."

ஹுசைஃபா வாயைத் திறந்தபடி நின்றான். "இன்னா பூங்கோதை, பைத்தியமா உனக்கு? ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சா போதும். இப்பப் போய் இன்னாத்துக்கு விதியை மாத்தணும்?"

"ஜெயிக்கலாம்டா. ஆனா நாம ஜெயிக்கணும். உத்திரம் ஜெயிக்கக் கூடாது."

சின்னக்குழந்தை ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். மாதம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "என் ஆட்டத்துல பாதிப் பாயிண்ட் தானா வந்துது. எனக்கே சந்தோஷமா இல்ல."

எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்கறீங்க? கேப்டன் அவதான்" என்றார் டீச்சர்.

நடுவர் சரவணகுமார் வேலூரிலிருந்து வந்தவர். பூங்கோதை சொன்னதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இரண்டு கேப்டன்களும் ஒத்துக்கொண்டால் செய்யலாம். ஆனால் யாராவது வேண்டுமென்றே உத்திரத்தில் அடித்தால் எனக்குத் தெரிந்துவிடும்."

கஸ்தூரி துண்டை எடுத்துவிட்டு எழுந்து வந்தாள். "மொத ரெண்டு ஆட்டம்?"

"உனக்கு வேணும்னா அதையும் மறுபடி ஆடலாம்" என்றாள் பூங்கோதை. பின்னால் ஹுசைஃபா தலையில் கைவைத்துக்கொண்டது அவளுக்குத் தெரியும்.

கஸ்தூரி கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் மலேசியத் தமிழில் சொன்னாள்: "வேணாம் லா. அது முடிஞ்சிருச்சு. இனிமே ஒழுங்கா ஆடுவோம்."

அவர்கள் ஒழுங்காக ஆடினார்கள். ஒழுங்காக என்றால் சாதாரணமாக அல்ல. பயமில்லாமல் மட்டையை வீச முடிந்ததும் மலேசியப் பையன்கள் இருவரும் புயல் மாதிரி ஆடி மூன்றாவது ஆட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். நான்காவதும் அவர்களுக்கே.

இரண்டுக்கு இரண்டு.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "அந்தப் பொண்ணுதான் கெடுத்துட்டுது" என்று யாரோ சொன்னது பூங்கோதையின் காதில் விழுந்தது.

கடைசி ஆட்டத்தில் பூங்கோதையும் ஹுசைஃபாவும் ஜோடி. எதிரே கஸ்தூரியும், வெய் ஹான் என்ற துடிப்பான பையனும்.

ஹுசைஃபா அவளோடு பேசவே இல்லை. நடுவில் வந்த பந்துக்கு இருவரும் போய் மட்டைகள் மோதிக்கொண்டன. அடுத்த பந்துக்கு இருவருமே போகவில்லை. அது இருவருக்கும் நடுவே 'பொத்' என்று விழுந்தது. பாதி ஆட்டத்தில் மலேசியா பதினொன்று, மலை அணி ஐந்து.

பூங்கோதை தண்ணீர் பாட்டிலை அவனிடம் நீட்டினாள். "என் மேல கோவமா?"

"ஆமா."

"சரி. கோவப்பட்டுக்கோ. ஆனா பந்து வந்தா 'என்னுது'ன்னு கத்து. அதுக்கு மட்டும் பேசு."

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். "கோவத்தை அப்புறம் பாத்துக்கறேன். நீ வலைகிட்ட நில்லு. பின்னாடி வர்றது எல்லாம் என்னுது."

அதன் பிறகு கூடமே அதிர்ந்தது.

"என்னுது!" ஹுசைஃபா பாய்ந்து அடிப்பான்.

"என்னுது!" பூங்கோதை வலையோரம் லேசாகத் தட்டுவாள்.

ஒவ்வொரு பாயிண்டாக ஏறினார்கள். பதினைந்தில் எட்டிப் பிடித்தார்கள். கூட்டம் எழுந்து நின்றது. இருபதுக்கு இருபது ஆனபோது மழைச் சத்தம்கூட யாருக்கும் கேட்கவில்லை. அடுத்து வெய் ஹான் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது.

இருபத்தொன்றுக்கு இருபது. ஜெயிக்க இரண்டு பாயிண்ட் முந்த வேண்டும். இன்னும் ஒன்று!

பூங்கோதை சர்வீஸ் போட்டாள். பந்து போனது, வந்தது, போனது, வந்தது. ஹுசைஃபா ஆணி அறைந்தான். கஸ்தூரி எப்படியோ அதை மேலே தூக்கினாள்.

'டங்!'

உத்திரம்.

"ஜெயிச்சாச்சு!" என்று யாரோ கத்தினார்கள். பாதிக் கூட்டம் குதித்தது.

நடுவர் கையை உயர்த்தினார். "பாயிண்ட் இல்லை. மறுபடியும் ஆட வேண்டும்."

குதித்தவர்கள் அப்படியே நின்றார்கள். பழைய விதி இருந்திருந்தால் கோப்பை இந்நேரம் அவர்கள் கையில் இருந்திருக்கும். பூங்கோதை மெல்லத் திரும்பி ஹுசைஃபாவைப் பார்த்தாள். திட்டப் போகிறான் என்று நினைத்தாள்.

அவன் உத்திரத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு பெருமூச்சு விட்டான். பிறகு, என்ன தோன்றியதோ, சிரித்துவிட்டான்.

"போடு, பூங்கோதை. இன்னொரு வாட்டி ஜெயிச்சா போவுது."

அவள் போட்டாள். தாழ்வாக, வலையை உரசுவது போல. வெய் ஹான் வேகமாகத் தள்ளினான். "என்னுது!" என்று ஹுசைஃபா எட்டித் தடுத்தான். பந்து வலையைத் தாண்டிப் போனது. கஸ்தூரி முன்னால் ஓடி வந்து அதைத் திருப்பித் தட்ட, அது வலைக்கு நேர் மேலே எழும்பியது. பூங்கோதை மட்டையை ஓங்கினாள். பலமாக அடிக்கப் போகிறாள் என்று எதிரே இருவரும் பின்வாங்கினார்கள்.

அவள் அடிக்கவில்லை. பூவைத் தொடுவது போலத் தொட்டாள்.

பந்து வலையின் விளிம்பில் உருண்டு, மறுபக்கம் கீழே இறங்கியது. கஸ்தூரி தரையில் விழுந்து மட்டையை நீட்டினாள். ஒரு விரல் தூரத்தில் பந்து தரையைத் தொட்டுவிட்டது.

கூரையில் பெய்த மழையைவிடப் பெரிய சத்தம் உள்ளே எழுந்தது. சின்னக்குழந்தை ஓடி வந்து பூங்கோதையையும் ஹுசைஃபாவையும் ஒன்றாகத் தூக்கிவிட்டான். மாதம்மாள் கத்தினாள்! மாதம்மாளால் அவ்வளவு சத்தமாகக் கத்த முடியும் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

கஸ்தூரி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்து வந்து கைகொடுத்தாள். "நல்லா ஏமாத்திட்ட. அடுத்த வருஷம் எங்க ஊருக்கு வா, பாத்துக்கறேன்."

"வர்றேன். கட்டாயம் வர்றேன்!"

ஹுசைஃபா பக்கத்தில் வந்து நின்றான். "அந்தக் கோவம் இருந்துதே..." என்று இழுத்தான். "எங்க வெச்சேன்னு தெரியல."

வெள்ளிக் கோப்பை பெரியதாக இருந்தது. கோப்பையோடு போட்டோ எடுத்து முடித்ததும், மலை ஊரான புதூர்நாட்டிலிருந்து பூங்கோதையின் அப்பா ஜீப்பில் கொண்டு வந்திருந்த பலாப்பழத்தைப் பிளந்தார்கள். சுளைகளைப் போடத் தட்டு தேடினார்கள். கிடைக்கவில்லை. "இது எதுக்கு இருக்குது?" என்று சின்னக்குழந்தை கோப்பையை நீட்டினான்.

கோப்பை நிறைய மஞ்சள் மஞ்சளாகச் சுளைகள். இரண்டு அணிகளும் சுற்றி உட்கார்ந்தன. வெய் ஹான் பேச்சில்லாமல் தின்றான். கோப்பை காலியாகிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரே ஒரு சுளை மிஞ்சியது.

எட்டுக் கைகளும் ஒரே நேரத்தில் கோப்பைக்குள் போயின. "என்னுது!" என்று எட்டுப் பேரும் கத்தினார்கள்.