ஜன்னலோர சீட்டில் ஒரு பை

“யாரு பை இது? எடுங்க!”

எழில்மதி கேட்ட வேகத்தில் பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் காலையிலேயே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மலைக்குப் போகிற முதல் பஸ், நிற்கவே இடமில்லை. ஆனால் ஜன்னலோர சீட்டில் மட்டும் ஒரு நீலப் பை ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது!

“என்னுதுதாங்க. ஆளு வருது,” என்றான் பக்கத்தில் நின்றவன்.

நெடுநெடுவென்று உயரம். நெற்றியில் ஒட்டிய ஈர முடி. கண்கள்... சரி, கண்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் அவளுக்கு வந்தது கோபம் மட்டும்தான்.

“ஆளு வந்தா நிக்கட்டும். ஜன்னல் வழியா பையைப் போட்டா சீட்டு உங்க சொத்தாயிடுமா? மனுசங்க நின்னுக்கினு வரணும், பை உக்காந்துக்கினு வரணுமா? இன்னா நியாயம் இது?”

பத்தாம் வகுப்புக்குக் குடிமையியல் நடத்துகிற வாய், சும்மா விடுமா? பையைத் தூக்கி அவன் கையில் திணித்துவிட்டு ஜம்மென்று உட்கார்ந்தாள். “டீச்சரு கரெக்டா கேட்டாங்க,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. தொடை வரை மாவுக்கட்டுப் போட்ட ஒரு அம்மாளை இரண்டு பேர் படியில் தூக்கி ஏற்றினார்கள். அவன் ஓடிப்போய்த் தோள் கொடுத்தான்.

“யாரு பெத்த புள்ளையோ... ஸ்டாண்டுல என்னைப் பாத்துட்டு ஓடியாந்து சீட்டு புடிச்சுக் குடுத்துச்சு,” என்றாள் தைலம்மாள் என்ற அந்த அம்மாள்.

எழில்மதி நெருப்பை மிதித்தவள் போல எழுந்தாள். முகமெல்லாம் எரிந்தது. யாருக்கு என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

கல்வராயன் மலை வளைவுகளில் பஸ் இப்படியும் அப்படியும் சாய்ந்தது. இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு திருப்பத்தில் அவள் தடுமாற, அவன் மெல்லச் சொன்னான்.

“கம்பியை நல்லா புடிச்சுக்குங்க டீச்சர். கம்பிக்கு யாரும் பை போடல.”

நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் பார்த்தாள் அந்தக் கண்களை. சிரித்துக்கொண்டிருந்தன, பாவி! குத்திக் காட்டாத சிரிப்பு. அவளுக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதோடு போயிற்றா? கரியாலூர் தாண்டி அவள் இறங்கிய இடத்திலேயே அவனும் இறங்கினான். அவள் நுழைந்த பள்ளியிலேயே நுழைந்தான். ப்ளஸ் ஒன்னுக்கு அறவியல் பாடம் எடுக்க வந்திருக்கும் புது ஆசிரியர், பெயர் தமிழ்வேந்தன் என்று தலைமையாசிரியர் அறிமுகம் செய்துவைத்தபோது... பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

மன்னிப்பு கேட்டுவிட்டால் முடிந்தது. ஆனால் அவனைப் பார்த்தாலே அவள் வேறு பக்கம் திரும்பி நடந்தாள். அவனோ, ஆசிரியர் அறையில் அவள் நாற்காலியை இழுக்கும்போதெல்லாம், “உக்காருங்க டீச்சர், ஆளு வரல,” என்பான்.

இரண்டு வகுப்புக்கும் நடுவில் அரைச் சுவர்தான். புத்தர் சொன்ன கருணையையும், நபிகள் சொன்ன ஈகையையும், இயேசு சொன்ன மன்னிப்பையும் அந்தப் பக்கம் அவன் கதை மாதிரி சொல்லிக்கொண்டிருப்பான். இந்தப் பக்கம் இவள் கையில் சாக்பீஸ் அப்படியே நிற்கும்.

ஒரு நாள் நீதிமன்றம் பற்றிய பாடம். “ரெண்டு தரப்பையும் கேக்காம தீர்ப்பு சொல்லக் கூடாது,” என்று எழில்மதி முடித்ததும் மாணவி அபிநயா எழுந்தாள்.

“டீச்சர்... தைலம்மா எங்க அத்தைதான். அன்னிக்கி பஸ்ல நீங்க சாரைக் கேட்டீங்களா?”

வகுப்பே அபிநயாவைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்து வகுப்பில் அவன் குரல் நின்றுவிட்டது.

இப்போது மழுப்பினால் இனி இந்தப் பாடத்தை எந்த முகத்தோடு நடத்துவது?

“கேக்கல,” என்றாள். “கேக்காமலே தீர்ப்பு சொல்லிட்டேன். தப்பு என்னுதுதான். சார்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கிறேன்.”

அரைச் சுவருக்கு மேலே சாக்பீஸ் பிடித்த ஒரு கை எழுந்தது. “மன்னிச்சாச்சு டீச்சர்!”

இரண்டு வகுப்பும் ஓவென்று கத்தின. நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கிய மாதிரி எழில்மதியும் சிரித்தாள்.

அதற்கப்புறம் பஸ்ஸில் பேச்சு, பள்ளியில் பேச்சு... பேசாத நாள் உப்பில்லாத சோறாகிவிட்டது. அப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சனிக்கிழமை இடமாறுதல் கலந்தாய்வு என்று அறிவிப்பு வந்து சேர்ந்தது.

“அம்மா எங்க ஊரு களமருதூர் பக்கமே வந்துடச் சொல்றாங்க,” என்றான் அந்த வெள்ளிக்கிழமை. “மலையில உனக்கு யாருடா இருக்கான்னு கேக்குறாங்க...” சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான்.

அவன் வீட்டுக்குக் கிணறும் நெல்வயலும் உண்டு. எலவனாசூர்கோட்டையில் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கித்தான் இவள் அப்பா வீரமுத்து இவளைப் படிக்க வைத்தார். சாதியும் வேறு. வகுப்பில் சமத்துவத்தை வாய் வலிக்கச் சொல்லிக் கொடுப்பவள்தான், தனக்கென்று வந்தபோது வாய் எழவில்லை.

“அம்மா சொன்னா கேக்க வேண்டியதுதானே சார்,” என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். மடச்சி! சனியும் ஞாயிறும் தன்னையே திட்டித் திட்டி அழுது தீர்த்தாள்.

திங்கட்கிழமை. அதே பஸ், அதே மழை. மாறுதல் வாங்கியிருந்தால் அவனுக்கு இந்த பஸ்ஸில் என்ன வேலை? தெரிந்தும் அவள் என்ன செய்தாள் தெரியுமா? பஸ் வந்து நிற்பதற்குள் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் தன் பையை வீசினாள்! குடிமையியல் டீச்சர்!

இரண்டு பேர் சீட்டு. ஒன்றில் இவள், ஜன்னலோரம் பை. கைக்குழந்தையோடு இருசம்மாள் என்றொரு பெண் ஏறியதும் சட்டென்று எழுந்து தன் இடத்தைக் கொடுத்தாள். பையை மட்டும் எடுக்கவில்லை.

“இன்னா டீச்சர், நீங்களேவா?” கண்டக்டர் வாயைப் பிளந்தார். “அதுல உக்காருங்க.”

“ஆளு வருது.”

“எங்க வருது?”

அதைத்தானே அவளும் தேடிக்கொண்டிருக்கிறாள்... விசில் ஒலித்தது. பஸ் நகர்ந்தது. கண் கலங்கிவிட்டது.

தட்! தட்! யாரோ பஸ்ஸை ஓங்கித் தட்டினார்கள். நனைந்து மூச்சிரைக்க ஏறினான் தமிழ்வேந்தன், கையில் தூக்குவாளியோடு.

அவளையும் அந்தப் பையையும் மாறி மாறிப் பார்த்தான். “சீட்டு காலியாதானே இருக்கு? ஏன் நிக்கிறீங்க?”

“நான் உக்காந்தா அது என் சீட்டாயிடும். இது உங்களுக்காகப் புடிச்சு வெச்சது.” குரல் நடுங்கியது. நடுங்கட்டும்! “மலையில உங்களுக்கு யாரு இருக்கான்னு அம்மா கேட்டாங்கல்ல... எழில்மதி இருக்கான்னு சொல்லுங்க.”

“சொல்லிட்டேனே!”

“எப்ப?”

“சனிக்கிழமையே. கலந்தாய்வுக்கே போகல. உங்களைக் கேக்காம தீர்ப்பு சொல்லிட்டேன்... தப்பு என்னுதுதான் டீச்சர்.”

“அம்மா...?”

“ரெண்டு நாளா மூஞ்சி குடுத்துப் பேசல. அழுதுக்கினே இருந்தாங்க. இன்னிக்கி கெளம்பும்போது, ‘அந்தப் பொண்ணு நம்ம வூட்டுச் சோறு துன்னுமாடா’ன்னு கேட்டாங்க. புளிக்குழம்பு. ரெண்டு பேருக்கும் கட்டிக் குடுத்தாங்க. அதான் லேட்டு.”

எழில்மதி அந்தத் தூக்குவாளியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இன்னும் சூடாக இருந்தது. தேம்பலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

இருவரும் திரும்பிப் பார்த்தபோது ஜன்னலோரத்தில் ஒரு பெரியவர் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“போச்சு சீட்டு,” என்றான் அவன்.

“போகட்டும்.”

முதல் வளைவு வந்தது. பஸ் சாய்ந்தது.

“கம்பியை நல்லா புடிச்சுக்குங்க டீச்சர்.”

இந்தத் தடவை அவள் கம்பியைப் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.