417-ஆம் எண் சிமிழ்

செவ்வாய், காலை 8.40. டன்லப் தெருக் கடைவீட்டின் மாடி, அகழாய்வுப் பொருள்களின் கிடங்கு.

417-ஆம் எண் பையை விளக்கில் தூக்கிப் பிடித்த நஸீஹாவின் கை அப்படியே நின்றது. உள்ளே பச்சைப் பீங்கான் சிமிழ். ஆற்றங்கரை அகழாய்வில் உடையாமல் கிடைத்த ஒரே பொருள்.

ஆனால் இது அந்தச் சிமிழ் இல்லை, போலி.

நேற்று மாலை அவள்தான் அதைப் பதிவேட்டில் ஏற்றி, பையின் வாயை டேப் போட்டு ஒட்டியிருந்தாள்.

10.15. இன்ஸ்பெக்டர் பிரிஜட் வரும்போதே களைத்திருந்தார். தொடர்ந்து இரண்டாவது ஷிஃப்ட். செங்காங்கிலுள்ள வீட்டை விட்டுக் கிளம்பிப் பதினாறு மணி நேரம்.

“சாவி யார் யார்கிட்ட?”

“மூணு பேர்கிட்ட, மேடம்,” என்றார் திட்ட மேலாளர் ஜெரார்ட். “நான், போட்டோ எடுத்து பேக் பண்ற கேலப், அப்புறம் பதிவேடு பாக்குற இவங்க, நஸீஹா. கடைசியா பூட்டுனது இவங்கதான். பன்னிரண்டு மணிக்கு ரிப்போர்ட் அனுப்பணும். இவங்க பேரைத்தான் எழுதப் போறேன்.”

“ஒரு தடவை பேர் கெட்டா, இந்த ஊர்ல வேற எங்கயும் இந்த வேலைக்கு எடுக்க மாட்டாங்க, மேடம்,” என்றாள் நஸீஹா.

கேலப் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அலமாரி முழுக்கப் பைகள். எல்லாவற்றிலும் பொடிப்பொடியாகக் குண்டூசித் துளைகள். 417 மட்டும் மழமழவென்று, உட்புறம் வியர்த்துக் கிடந்தது. பிரிஜட் இரண்டு பானை ஓடுகளை ஜெரார்ட், கேலப் இருவர் முன்னால் மேசையில் வைத்தார்.

“ஆளுக்கு ஒண்ணு. பையில போட்டு ஒட்டிக் குடுங்க.”

“என்ன மேடம், பரீட்சையா?” ஜெரார்ட் சிரித்தார்.

“கால் வலிக்குது, சார். சீக்கிரம் லா.”

கேலப் கையுறை மாட்டி, குண்டூசியால் பையை நாலு குத்துக் குத்திவிட்டுத்தான் பானை ஓட்டை உள்ளே வைத்து ஒட்டினான். ஜெரார்ட் வெறுங்கையால் போட்டு, ஒட்டி, நீட்டினார்.

“துளை எங்க, சார்?”

“என்ன துளை?”

பிரிஜட் நாற்காலியில் சாய்ந்தார். “இந்த ஊர்ப் புழுக்கத்துல மூடின பை வேர்க்கும். அதனால இவங்க ரெண்டு பேரும் தூக்கத்துலகூட குத்திடுவாங்க. நீங்க கையெழுத்து மட்டும் போடுறவரு. சிமிழை எடுக்கறப்ப பை கிழிஞ்சிருக்கு. புதுப் பையில போலியைப் போட்டு, பழைய பையில இருந்த எண் சீட்டை இதுல மாத்தி வச்சிட்டீங்க. பழசாத் தெரியணும்னு ஊற வச்ச போலி, சரியா காயல. வேர்த்துடுச்சு.”

“அவங்களே குத்த மறந்திருக்கலாமே,” என்றார் ஜெரார்ட்.

“இருக்கலாம். டேப்போட பசையில யாரு ரேகைன்னு லேப் சொல்லிடும். இவங்க ரெண்டு பேரும் கையுறை இல்லாம எதையும் தொடறதில்ல.”

ஜெரார்ட் ஒட்டிய பையை மேசையில் வைத்தார். “சிமிழ் தெம்பனிஸ்ல என் வீட்ல இருக்கு,” என்றார். “உடையல.”

12.05. மாடியில் நஸீஹாவும் கேலபும் மட்டும்.

“சாரி, அக்கா,” என்றான் கேலப். “நீங்க எடுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். சொன்னா என் மேலயும் பழி வருமோன்னு பயம்.”

“தெரியும். நாளைக்குப் பேசுவோம். இன்னைக்கு முடியல.”

நஸீஹா பதிவேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் படியிறங்கினாள்.