முதுகில் இருந்த கை

முதுகில் இருந்த கை சற்று முன்புவரை சூடாகத்தான் இருந்தது. இப்போது ஜில்லென்று இருந்தது. கொஞ்சம் கனத்தது போலவும் பட்டது. எண்ணெய் ஆறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் கண்களை மூடினாள்.

குப்புறப் படுத்திருந்தாள். மசாஜ் மேசையின் தலைமாட்டில் முகத்தை வைத்துக்கொள்ள ஒரு வட்ட ஓட்டை. அதன் வழியே தெரிந்ததெல்லாம் கூடாரத்தின் மரப்பலகைத் தரை மட்டும்தான். ஆரம்பிக்கும்போதே மசாஜ் பெண் சொல்லியிருந்தாள். "ஒரு கை எப்பவும் உங்க மேலயே இருக்கும் மேடம். எடுத்துட்டு மறுபடி வச்சா உடம்பு திடுக்குனு ஆயிடும்." அவளுக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் அவளைத் தொடுகிற கைகளெல்லாம் ஏதாவது கேட்கிற கைகள். மகனுக்குச் சார்ஜர், மகளுக்குச் சடை, மாமியாருக்கு மாத்திரை.

இந்த இடத்தைத் தேடிப் பிடித்தவன் கணவன். காட்டுக்குள் கூடாரம், கூடாரத்துக்குள் ஏசி, குளியல் தொட்டி, பஞ்சு மெத்தை. பெரியவர்களுக்கு மட்டுமே அனுமதி. "ரெண்டு நாள், நீயும் நானும் மட்டும். பசங்க, அம்மா, ஆபீஸ், எதுவும் கிடையாது" என்றான். சில வருடங்களாகவே இருவரும் ஒரே வீட்டில் தனித்தனியாக வாடகைக்கு இருப்பவர்கள் மாதிரி ஆகிவிட்டிருந்தார்கள். அதைச் சரி செய்துவிட வேண்டும் என்ற ஆசை அவளுக்கு நிறைய இருந்தது. அவனுக்கு மசாஜ் முதலிலேயே முடிந்துவிட்டது. பக்கத்து மேசையில் ஊரையே எழுப்பும்படி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். இதுதான் இரண்டாவது தேனிலவு போலிருக்கிறது என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மழைக்கு முந்தைய இருட்டு பட்டப்பகலிலேயே கூடாரத்துக்குள் இறங்கி, மட்கிய இலைகளின் வாசனையையும் ஈரமண்ணின் வாசனையையும் எண்ணெய் வாசனையோடு கலந்து தரையோரமாகப் பரப்ப, மேலே துணிக்கூரை காற்றில் உப்பி உப்பி அடங்கும் சத்தம் யாரோ மூச்சு விடுவது போல விட்டுவிட்டுக் கேட்டது.

"கை ஏன் இவ்ளோ ஜில்லுனு இருக்கு?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

பதில் கூடாரத்துக்கு வெளியிலிருந்து வந்தது.

"முழிச்சுதான் இருக்கீங்களா மேடம்? தூங்கிட்டீங்கன்னு நெனச்சேன். எண்ணெய் சூடு பண்ண வந்தேன். இதோ, வந்துட்டேன்."

கை முதுகிலேயே இருந்தது.

வேறொரு மசாஜ் பெண்ணாக இருக்கும். கணவனுக்குச் செய்தவளாக இருக்கும். அப்படித்தான் நினைக்கப் பார்த்தாள். கண்களை எட்டியமட்டும் வலப்பக்கம் திருப்பினாள், பிறகு இடப்பக்கம். மேசையை ஒட்டி யாருடைய கால்களும் இல்லை. தலையைத் தூக்கப் போனாள். கை அவசரப்படாமல் முதுகிலிருந்து பிடரிக்கு நகர்ந்து, அவள் முகத்தை மறுபடியும் ஓட்டைக்குள் அழுத்தி வைத்தது.

ஜிப் திறக்கும் சத்தம். மசாஜ் பெண்ணின் வெறுங்கால்கள் உள்ளே வந்தன. இரண்டு எட்டு வைத்து நின்றன. விரல்கள் பலகையை இறுகப் பற்றின. கிண்ணத்திலிருந்து ஆவி பறக்கும் எண்ணெய் ஒரு நூலாகச் சரிந்து அந்தப் பெண்ணின் புறங்காலில் விழுந்தது. அந்தக் கால் அசையவில்லை. ஒரு சின்ன முனகல்கூட இல்லை. பிறகு அந்தக் கால்கள் பின்பக்கமாகவே, ஓசைப்படாமல், வாசலை நோக்கி நகர்ந்தன.



"என்னங்க."

குறட்டை தொடர்ந்தது.

"என்னங்க, எழுந்திருங்க. என் மேல யாரோ கை வச்சிருக்காங்க. யாருன்னு பாருங்க."

குறட்டை நின்றது. மேசை கிரீச்சிட்டது. அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். இனிப் பயமில்லை. ஒரு அதட்டல் போடுவான். பிடித்துத் தள்ளுவான்.



அவன் மூச்சை இழுப்பது கேட்டது. அதை வெளியே விடுவது கேட்கவில்லை. நெடுநேரம் கேட்கவில்லை.

"என்னங்க?"

அவன் கால்கள் தரைக்கு வந்தன. கணுக்காலில் சாக்ஸ் போட்ட தடம். அவளுக்குத் தெரிந்த கால்கள். அவை அவள் பக்கம் திரும்பும் என்று காத்திருந்தாள். அவன் கை கீழே இறங்கியது. செருப்புகளை ஒவ்வொன்றாக, சத்தமே வராமல், எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோது, தூங்கவைத்துவிட்டு அவன் அறையிலிருந்து நழுவுவது இப்படித்தான்.

"சார், வாங்க," என்று வாசலிலிருந்து ஒரு கிசுகிசுப்பு. "மெதுவா. திரும்பிப் பாக்காதீங்க."

"அவ…"

"வாங்க சார்."

அவன் கால்கள் தயங்கின. அவள் அதைப் பார்த்தாள். தயங்கின.

பிறகு போயின.

ஆள் கூட்டிவரப் போகிறான். நிச்சயம் அதற்குத்தான். வெளியிலிருந்து ஜிப் மெல்ல, பல் பல்லாக, மூடிக்கொண்டே வந்தது. அடிவரை. கொக்கி மாட்டும் சத்தம். காலடிகள். பிறகு ஓட்டம். இரண்டு பேரின் ஓட்டம்.

அவள் கத்த வாய் திறந்தாள். காற்றுதான் வந்தது. கண்ணீர் மூக்கு நுனியில் சேர்ந்து, ஒரு சொட்டாகப் பலகையில் விழுந்தது. இன்னொரு சொட்டு.

பிடரியில் கை. இடுப்பில் ஒரு கை. பாதத்தில் ஒன்று. எல்லாம் ஜில்லென்று. எல்லாம் பொறுமையாக.

மேசைக்கு அடியிலிருந்து இன்னொன்று வந்தது. அதை மட்டும் அவளால் பார்க்க முடிந்தது. நீண்டது. வெளுத்து ஊறிப்போனது. நகங்கள் இல்லை. ஓட்டையை நோக்கி மேலே வந்தது. அவள் கன்னத்தைத் துடைத்தது. அடுத்த கன்னத்தையும் துடைத்தது. அழாதே என்பது போல.

பிறகு அவள் வாயை மூடியது.